கியர்ப் பெட்டிக்கு எந்த எண்ணெய்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் ஓரிடத்தில் உட்கார மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் நன்றாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் பொழுது போகிறது. குழந்தைக்கு இருமல் நின்றதா. போனில் பேசினால் பாதியில் அழுகை வந்துவிடுகிறது, நீயும் சரி விடும்மா என்று பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

அப்பா போனதிலிருந்து கார் ஷெட்டில் அப்படியே நிற்கிறது. அடியில் சிவப்பாக ஒழுகுகிறது. தட்டு வைத்தேன், துடைத்தேன், துணி காயப்போடப் போனாலும் கால் அங்கேதான் போகிறது, குனிந்து பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. உன் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, கியர் எண்ணெய் இறங்கிடுச்சு அண்ணி, ஞாயித்துக்கிழமை ஒரு டின் வாங்கிட்டு வந்து ஊத்திடறேன் என்றார். நீயும் எதையாவது ஊத்துங்கம்மா, எல்லாம் ஒண்ணுதான் என்றாய். அந்த எதையாவது என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. அப்பா அந்தக் காருக்கு எதையாவது ஊற்றி நான் பார்த்ததில்லை. காரைத்தான் கிழவி என்பார், கிழவிக்குக் கஷாயம் குடுத்துட்டு வரேன் என்று எண்ணெய் ஊற்றப் போனால் சாப்பிடக்கூட வரமாட்டார்.

அந்தப் பழக்கத்தில் மூலைக்கடை மெக்கானிக்கிடம் போய், காருக்குக் கஷாயம் ஊத்தணும் தம்பி என்று சொல்லிவிட்டேன். டாக்டர் அடுத்த தெருவுல இருக்கார் அக்கா என்கிறார். பிறகு வந்து பார்த்தார். கியர்ப் பெட்டி தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் வகையாம், வேறு ஏதோ காரிலிருந்து அப்பா எடுத்து மாட்டியதாம், அதில் பெயரும் இல்லை ஊரும் இல்லை. எண்ணெய் இரண்டு வகையாம், இரண்டும் பார்க்கச் சிவப்புத்தான். பழைய வகையில் பிடிப்பு அதிகம், புது வகை வழுவழுவென்று போகுமாம். மாத்தி ஊத்தினா உள்ள வழுக்கி வழுக்கிக் கருகிடும் அக்கா, அண்ணன் எதை ஊத்தினார் என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும். அலமாரியில் இருந்த பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதம்கூடக் கரைந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க வீட்டுக்கும் ஷெட்டுக்கும் நடந்தேன். நடந்துகொண்டே இருக்கும்போதுதான் நினைவு வந்தது. கியர் மாறும்போதெல்லாம் என் தலை முன்னால் ஆடும், நான் சொல்றதுக்கு நீ தலையாட்டுறது இந்தக் கார்ல மட்டும்தான்டி என்று அப்பா சிரிப்பார். ஓடிப்போய்ச் சொன்னேன். மெக்கானிக் எழுந்தே நின்றுவிட்டார், அப்ப பழைய வகைதான் அக்கா, புதுசுல அந்த வெட்டு வராது என்றார்.

நேற்று ஒழுகிய இடத்தை அடைத்து, தேடிப்பிடித்து வாங்கிவந்ததை ஊற்றினார். நீங்க உக்காந்து பாத்துச் சொன்னாத்தான் சரி என்றார். ஏறினேன். தெருமுனை தாண்டும்போது கியர் மாறியது, என் தலை முன்னால் ஆடியது. கொஞ்சம் தூக்கித்தான் போடுது அக்கா என்று அவர் சங்கடப்பட்டார். போடட்டும் தம்பி, இன்னொரு சுத்து போங்க என்றேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். சித்தப்பாவுக்கு இன்றே போன் போடு. டின்னோடு வந்து, இப்படி வெட்டுதே அண்ணி, மாத்திடலாம் என்பார், நான் சொன்னால் கேட்கமாட்டார். அது அப்படித்தான் ஓடும், யாரும் கைவைக்கக் கூடாது என்று நீ சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா