மதிலுக்கு இந்தப் பக்கத்து ஊற்று

அன்பு மகள் மஞ்சிரிக்கு, மும்பையிலிருந்து பாபா எழுதுவது. இங்கே நானும் உன்னைப் பெற்ற ஆயியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே கௌஹாத்தியில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் குட்டியும் சுகமாக இருக்க விட்டலன் அருளட்டும். போனில் பேசினால் ஆயி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நான் வேலை பார்க்கும் விமான நிலையத்துப் பழைய கழிப்பறைகளை உடைத்துப் புதுசாக்குகிறார்கள் என்று சொன்னேனே, கை நீட்டினால் தானே கொட்டும் குழாய், துருப்பிடித்த இரும்புக்குப் பதில் பிளாஸ்டிக் பைப், எல்லாம் வந்தாயிற்று. போன மாதம் இன்ஜினீயர் கோர்படே என்னைக் கூப்பிட்டு, தத்தா, நல்ல தண்ணி தினம் எங்கேயோ ஒழுகிப் போவுது, நீதான் பழைய ஆளு, கண்டுபிடி என்றார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் தரையில் காதை வைத்துக் கேட்டு, நம் சந்தை ஒட்டிய மதிலோரத்துப் பெண்கள் கழிப்பறைக்கு அடியில் மாற்றாமல் விட்ட பழைய இரும்புப் பைப் வெடித்திருந்ததைக் கண்டுபிடித்து என் கையாலேயே அடைத்தேன். சால்வை போர்த்தினார்கள், ஆயி அதை உன் பிள்ளைக்கு விரிக்க மடித்து வைத்திருக்கிறாள்.

நாலாம் நாள் நம் சந்தில் ஊற்று வற்றிவிட்டது. மதிலுக்கு இந்தப் பக்கம், ஏழு கன்னிமார் கல்லுக்குக் கீழே, குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு நீ பிறந்ததிலிருந்து குடித்த அதே ஊற்றுதான். அது ஊற்றே இல்லை மஞ்சு. இருபத்திரண்டு வருஷம் குழாய் வேலை பார்த்த மடையனுக்கு அது தெரியவில்லை பார். கோர்படேயிடம் போய்க் கெஞ்சினேன். மீட்டர் வெச்சாச்சு, ஒரு குடம் குறைஞ்சாலும் மேலே தெரிஞ்சிடும், உங்க சந்து மேப்பிலேயே இல்லையே, நான் எங்கே கனெக்‌ஷன் குடுக்க என்றார். லாரி நாலு நாளைக்கு ஒருமுறை வருகிறது, வீட்டுக்கு இரண்டு குடம். எந்தப் பாவி தீட்டோட போய் மொண்டாளோ என்று பெண்கள் ஏசி ஏசி, பழி கடைசியில் எதிர்வீட்டு மருமகள் சுனந்தா தலையில் விழுந்தது, அந்தப் பெண் அழுதுகொண்டே தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

ஆயி செவ்வாய்க்கிழமை விரதம் இருக்கிறாள், நீ தலைப்பிரசவத்துக்கு வருவதற்குள் கன்னிமார் ஊற்றைத் திருப்பித் தருவார்களாம். தரமாட்டார்கள் மகளே, அடைத்தவன் நான், நன்றாகத்தான் அடைத்திருக்கிறேன். பச்சைப்பிள்ளையைக் குளிப்பாட்ட இந்த வீட்டில் தண்ணீர் இல்லை, நீ வராதே. மாமியார் விடவில்லை என்று ஆயியிடம் சொல்லிவிடு, அவரைத் திட்டித் தீர்த்துக்கொள்ளட்டும்.

நீயும் பிள்ளையும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போடு. மறக்காமல் தண்ணீர் நிறையக் குடி.

உன் பாபா,
தத்தாத்ரய