ஆகஸ்டில் கிளம்பினோம்

அன்புள்ள வெண்டெல்,

போனில் நீ "எல்லாம் செட்டாயிடுச்சா?" என்று கேட்டபோது ஆமாம் என்றேன். பக்கத்தில் நம் மகள் டெல்லா இருந்தாள், வேறு என்ன சொல்வது?

இணையத்தில் பத்துக்குப் பத்து மதிப்பெண் என்று நாம் தேடிப் பிடித்த பள்ளி நல்ல பள்ளிதான். ஆனால் பேண்டு குழுவுக்கு ஜூலை முகாமிலேயே ஆள் எடுத்துவிட்டார்களாம். நாமோ, பழைய தோழிகளோடு கடைசிக் கோடையை அவள் கழிக்கட்டும் என்று முடிவெடுத்தோம்; நானும் அவளும் ஆகஸ்டில்தான் கிளம்பினோம். இந்த வருடம் அவளுக்கு டிரம் இல்லை.

நேற்றுப் பள்ளிக் கால்பந்தாட்டத்துக்குக் கூட்டிப்போனேன். பேண்டு முழங்கியதும் அவள் விரல்கள் முழங்காலில் தாளம் போட்டன. நான் பார்த்ததும் கைகளைத் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டாள்.

"போலாம்மா, குளிருது."

எனக்கோ இந்த டெக்சாஸ் புழுக்கத்தில் வியர்த்து ஊற்றியது.

அங்கே நம் பழைய வீட்டை விற்க வாசலில் பலகை நட்டிருக்கிறாயே, அடுத்த முறை புல் வெட்டும்போது அதைப் பிடுங்கிக் கொஞ்ச நாள் ஷெட்டுக்குள் வை.

உன் மனைவி