கிணற்றடியில் ஓர் இஞ்சி மொரப்பா

சாமி,

முந்தாநாள் தம்பானூரில் நாகர்கோவில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது ஒருவர் கூடையில் இஞ்சி மொரப்பா விற்றுக்கொண்டு வந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் அந்தக் காரவாசனை மூக்கில் ஏறியது. அதோடு கழக்கூட்டத்து ஆபீசும், என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு, ஒரு கன்னம் உப்ப மொரப்பாவை ஒதுக்கிக்கொண்டு, பேச்சை அடக்கி உட்கார்ந்திருந்த உங்கள் முகமும் வந்துவிட்டன. நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்த பக்கத்து அம்மாள் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

பைபாஸுக்கு உள்ளே தள்ளி இருந்த அந்த வாடகை வீட்டில், ஆபீஸ் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்க வந்தவள் நான். நீங்கள் வலியசாலை வீட்டிலிருந்து தயிர்சாதப் பாத்திரத்தோடு வருவீர்கள். என் சாம்பாரை வாங்கிக்கொள்வீர்கள். மீன் பொரிக்கிற அன்று மட்டும் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். கதவிடுக்கு வழியாக வாசனை வருகிறதா என்று நான் தட்டிக் கேட்பேன். வயதில் பெரியவரான நீங்கள் என்னை அக்கா என்று கூப்பிட்டீர்கள். என் நரையைப் பார்த்தா என்று கேட்டதற்கு, "உங்க அதிகாரத்தைப் பாத்து" என்றீர்கள்.

உங்கள் வேலை என்னவென்று எனக்கு வெகுநாள் புரியவில்லை. கம்ப்யூட்டருக்குள் ஓர் ஊர். எங்கெங்கோ இருக்கிறவர்கள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு, ஒருவன் வில்லாளியாக, ஒருத்தி வைத்தியச்சியாக, அந்த ஊருக்குள் ஒன்றாக உலாவுவார்கள். புதிதாக வருகிற ஆளுக்கு முதலில் கண்ணில் என்ன படவேண்டும், கை எதைத் தொடவேண்டும் என்று ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு. அங்கேதான் அடி விழுந்தது. பழைய ஆட்டக்காரர்கள் நகரவில்லை; புது ஆட்களோ, அந்த ஊருக்குள் முதலில் வந்து நிற்கிற கிணற்றடியில் இறங்கியதும் ஓடிப்போனார்கள். ஓணத்துக்குள் அவர்கள் நிற்கும்படி செய்யாவிட்டால் எல்லாவற்றையும் இழுத்து மூடிவிடலாம் என்று பெங்களூரு முதலாளி போனில் சொல்லிவிட்டார். அன்றைக்கு நீங்கள் சாம்பார் வாங்க வரவில்லை.

மறுநாள் அடுக்களை வாசலில் வந்து நின்றீர்கள். "அக்கா, எனக்கு ஒண்ணுமே தெரியாத ஒரு ஆள் வேணும்." தேடி அலைய வேண்டாம், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள் என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். ஆபீசில் எல்லோரும் ஆடித் தேய்ந்தவர்கள். அவர்கள் வீட்டு ஆட்களும் அப்படியே. மிச்சம் இருந்தவள் நான்தான்.

நான் ஆடும்போது நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. அதுதான் சட்டம் என்றீர்கள். சட்டம் போட்டவர் நீங்கள்.

திரையில் ஒருத்தி கிணற்றடியில் நின்றாள். கையில் ஒரு தடி. எழுத்துப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஒன்றை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது. படிப்பதை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் நின்றாள், நானும் இருந்தேன். பின்னால் நாற்காலி முனகியது.

"ஏதாவது பண்ணுங்கோ அக்கா."

"நான் என்னத்த பண்ண? அவ நடக்கட்டும்னுதான் பாத்துட்டு இருக்கேன்."

"எவ?"

"அந்தப் பிள்ள."

"அந்தப் பிள்ளை நீங்கதான்."

"நானா? எனக்கு இந்த இடுப்பு எப்ப இருந்துச்சு சாமி?"

கம்ப்யூட்டருக்குக் கோடு எழுதுகிற ரெம்யா மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீங்கள் சிரிக்கவில்லை. திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். நான் டிவி பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன் என்பது உங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. எப்படி நடப்பது, எப்படி அடிப்பது என்றெல்லாம் பெட்டி பெட்டியாகச் சொல்லியிருந்தீர்கள். இது நீ என்று மட்டும் எங்கேயும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த நாள் ஒரு பாட்டில் நிறைய இஞ்சி மொரப்பாவோடு வந்தீர்கள். "என்னால சும்மா இருக்க முடியலை. அதான் வாய்க்கு ஒரு வேலை குடுத்திருக்கேன்." ஒரு வார்த்தை சொல்லித் தந்தால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். மொரப்பாவை மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னீர்கள்: "ஆத்துல தனியா உக்காந்து ஆடறவா பக்கத்துல நான் இருக்கமாட்டேனே, கேட்டேளா."

பெட்டிகள் எல்லாம் போயின. இப்போது அவள் மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் கை பட்டால் எழுந்தாள்; கையை எடுத்தால் நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் கல் தடுக்கியபோது நான் "அம்மா" என்றேன். பின்னால் மொரப்பா கடிபடும் சத்தம் கேட்டது. உங்கள் வாயைத் திறக்கவைக்க, வேண்டுமென்றே சுவரில் போய் முட்டிக்கொண்டே நிற்பேன். உங்கள் முகம் சிவக்கும். மொரப்பா கரையும். இன்னொன்றை எடுத்துப் போட்டுக்கொள்வீர்கள்.

ஒருநாள் கிணற்றடியில் வேறொரு ஆள் வந்து நின்றது. பொம்மை என்று நினைத்து அதைச் சுற்றிச் சுற்றி வந்து ஆராய்ந்தேன். அது கையை ஆட்டியது. அடுத்த அறையிலிருந்து ரெம்யா, "அக்கா, அது ஞானாணு, நான்தான்" என்றாள். நான் சட்டென்று முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். நீங்கள் மூக்கு வழியாகச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொண்டுவரும்படி ஆயிற்று. தண்ணீர் குடித்து முடித்ததும், அந்த ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே புது ஆளைக் காட்டுப்பன்றி வேட்டைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோமே என்று தலையில் கைவைத்துக்கொண்டீர்கள்.

பன்றி போயிற்று. கிணற்றில் ஒருவர் தனியாக வாளியை இழுக்க முடியாது, மறுமுனையை இன்னொருவர் பிடிக்கவேண்டும் என்று வைத்தீர்கள். பெரிய பெரிய வாள் வைத்திருக்கிற பழைய ஆட்கள் இந்தச் சின்னக் கிணற்றடிக்கு ஏன் வரப்போகிறார்கள், திட்டத்தான் செய்வார்கள் என்று ரெம்யா சண்டை பிடித்தாள். அதுவும் நியாயம்தான். நீங்கள் இரண்டு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, சந்தையைத் தூக்கிக் கிணற்றுக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். "கூப்பிட்டா வரமாட்டா. வழியில இருந்தா நிப்பா."

பன்றி இல்லாத ஆட்டத்தை எவன் ஆடுவான் என்று முதலாளி போனில் குதித்தார். நீங்கள் குரலை உயர்த்தாமல், ஓணம் வரை இது என் கிணறு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டீர்கள். அடுக்களைவரை கேட்டது. அன்றைக்கு உங்கள் சாம்பாரில் முருங்கைக்காய் கூடுதலாகப் போட்டேன்.

ஓணத்துக்கு முன் புதுக் கிணற்றடியை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். பாயசத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு நானும் ரெம்யாவின் திரைக்கு முன்னால் நின்றேன். முகம் தெரியாத யாரோ ஒரு புது ஆள் மரத்தடியில் எழுந்தான், தடுமாறினான், கிணற்றடிக்கு வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தான். வரவில்லை. சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த வாள்காரன் ஒருவன் அவனைத் தாண்டிப் போனான். ரெம்யா நகத்தைக் கடித்தாள். வாள்காரன் நின்றான். திரும்பி வந்தான். மறுமுனையைப் பிடித்தான். வாளி மேலே வந்ததும் இருவரும் சேர்ந்தே சந்தைக்குப் போனார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொருவன் எழுந்தான், அப்புறம் இன்னொருத்தி. உங்கள் வாயில் அன்றைக்கு மொரப்பா இல்லை. இருந்தும் நீங்கள் ஒன்றும் பேசவில்லை. மூடுகிற பேச்சை முதலாளி அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

போன ஆடியில், கர்க்கடக மழையில், நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள்; திரும்பி வரவில்லை. வலியசாலைக்கு நாங்கள் வந்தபோது உங்கள் வீட்டில் எனக்கு யாரையும் தெரியாது. எங்கே நிற்பது, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். உங்கள் தங்கை வந்து கையைப் பிடித்து, "மீன்கார அக்காவா?" என்று கேட்டார். வீட்டில்போய் என்னென்ன சொல்லியிருக்கிறீர்கள் சாமி.

பாத்திரம் கழுவி முடித்த மத்தியானங்களில் நான் இப்போதும் ஆடுகிறேன். எனக்கும் ஒரு வாள் கிடைத்துவிட்டது. இடுப்பு மட்டும் திரையோடு சரி. நேற்று சந்தைக்குப் போகும் வழியில் ஒரு புது ஆள் சுவரில் முட்டி முட்டி நின்றது. பக்கத்தில் போனேன். என்னிடம் மைக் இருக்கிறது. இடது பக்கம் திரும்பு மக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வாய் துறுதுறுத்தது. தம்பானூர்ப் பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன். நல்ல காரம், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரத்தினால்தான்.

பாதி கரைந்திருக்கும். அந்த ஆள் திரும்பியது. நான் முன்னால் போய், கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.