ஒரு வாய் தின்னு பாரேன்

19-1-1986, விழுப்புரம்
ஞாயிற்றுக்கிழமை. இவர் வீட்டில் இருந்தும் கொல்லை அடுப்பு மூட்டாத முதல் ஞாயிறு இது. இவர் படுத்தே கிடக்கிறார். வயிற்றுக் கட்டி, இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று மதராஸ் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். பர்மாவில் பிறந்த மனுஷன். கப்பலில் வந்து இருபது வருஷம் ஆகியும், ஞாயிறு என்றால் லாரியை நிறுத்திவிட்டு வந்து, கொல்லையில் அவரே நட்ட எலுமிச்சை வாசனைப்புல் போட்டு மீன்குழம்பு வைப்பார். "ஒரு வாய் தின்னு பாரேன் காந்திமதி" என்பார். சோப்புக்கட்டியை வேகவைத்த மாதிரி அந்த வாடை. எனக்கு ஆகவே ஆகாது. நான் ரசத்தோடு எழுந்துவிடுவேன்.

22-1
கஞ்சி இறங்கவில்லை. என்னதான் வேண்டும் என்று கத்திவிட்டேன். பர்மாக் குழம்பு என்றார். எப்படி வைப்பது என்று கேட்டால், "மீனைப் போடு, புல்லைப் போடு, அவ்ளோதான்." இருபது வருஷம் வைத்தவர் சொல்கிற லட்சணம்.

23-1
வைத்தேன். புல்லின் தாளைக் கொத்தமல்லி மாதிரி பொடியாக அரிந்து போட்டேன். தாள் அறுத்த விரல் இன்னும் எரிகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கிண்டினேன், ருசி பார்க்கவில்லை. நாலு வாய் சாப்பிட்டார். "அதே ருசி" என்றார். நாலு வாய்! பெருமை தாங்கவில்லை எனக்கு.

26-1
திண்டிவனத்திலிருந்து ஜெயம் அண்ணி வந்தார். இவருடைய அக்கா, அவரும் பர்மாவில் வளர்ந்தவர். மறுபடி வைத்திருந்த குழம்பை அவருக்கும் ஊற்றினேன். நார் நாராக எடுத்துத் தட்டோரம் வைத்தார்.
"தாளையா அரிஞ்சு போட்ட? அது டீக்குத்தான் ஆவும். கொழம்புக்கு அடித்தண்டைத் தட்டிப் போடணும்மா. இது வெறும் கசப்பு. இதையா நல்லாருக்குதுன்னான்?"
அவர் தப்பாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

27-1
அண்ணி சொன்னபடியே தண்டைத் தட்டிப் போட்டேன். வாசனையே வேறு. இரண்டு வாய் வாங்கிக்கொண்டார்.
"அதே ருசி."
அன்றைக்குச் சொன்ன அதே குரல். அப்படியென்றால்? நாக்கு செத்துப்போச்சா, இல்ல என் மனசுக்காகச் சொல்லிக்கினு இருக்காரா? ரெண்டுல எது? கேட்டுடலாமா – பயமா இருக்குது. கேக்கல.

4-2
தண்ணீர் மட்டும்.

8-2
போயிட்டாரு.

24-2
கருமாதி நேற்று முடிந்தது. இன்றைக்குக் கவிச்சிப் படையல். இரண்டு குழம்பும் வைத்தேன் – தாள் போட்டது ஒன்று, தண்டு போட்டது ஒன்று. பங்காளிகள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும். இரண்டையும் அதே ருசி என்றவர்தானே. அண்ணி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

2-3
ஞாயிறு. கவனிக்க ஆளில்லாமல் புல் புதராக மண்டிக் கிடக்கிறது. கொல்லை அடுப்பை நானே மூட்டினேன். ஒரு ஆளுக்குத்தான் வைத்தேன். மூக்கைப் பிடிக்கவில்லை. இடியாப்பத்தில் ஊற்றி ஒரு வாய் தின்றேன். அந்தச் சோப்பு வாடை எங்கே போனதோ. இரண்டாவது தடவையும் ஊற்றிக்கொண்டேன்.
"நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன், சத்தமாகவே. பக்கத்து வீட்டிலிருந்து என்ன என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.