ஒரு அடிகூட அடிக்காத டீச்சருக்கு

என் அன்பு அம்மா,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. எழுத உட்கார்ந்தபோது உன்னை எப்படிக் கூப்பிடுவது என்றே கை தயங்கியது. வீட்டில் நீ அம்மா. உன் வகுப்பில் படித்த அந்த ஒரு வருஷம், பள்ளிக்கூட வாசல் தாண்டினால் டீச்சர். மறந்துபோய் ஒருநாள் அம்மா என்று கூப்பிட்டேன். நீ திரும்பவே இல்லை.

கருமாதிக்குச் சமயநல்லூர் வீட்டு வாசலில் உன் பழைய பிள்ளைகள் பேனர் கட்டியிருந்தார்கள். உன் படத்துக்குக் கீழே 'ஒரு அடிகூட அடிக்காத எங்கள் டீச்சர்' என்று போட்டிருந்தது. பொய்யில்லை. முப்பது வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தாய், பிரம்பைத் தொட்டதில்லை. பக்கத்து வகுப்புகளில் சந்தைக்கடைச் சத்தம் கேட்கும்போது உன் வகுப்பில் மின்விசிறி சுற்றுவது கேட்கும். யார் வந்தாலும் தலைமை ஆசிரியர் உன் வகுப்பு வாசலில் கொண்டுவந்து நிறுத்திக் காட்டுவார்.

அதை எப்படிச் சாதித்தாய் என்று பேனரில் இல்லை. நான் எழுதுகிறேன்.

சொல்பேச்சு கேட்காத பிள்ளையின் பெயரைக் காலையில் வருகைப்பதிவு எடுக்கும்போது நீ கூப்பிட மாட்டாய். அதைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போவாய். அந்தப் பிள்ளை எழுந்து, தானாக "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லும். நீ எங்களைப் பார்த்து, "இன்னிக்கு அவ வரல" என்பாய். குரல்கூட உயராது.

அதற்குப் பிறகு நாற்பது பேரும் அவளைப் பார்க்கக் கூடாது. ரப்பர் கேட்டால் கொடுக்கக் கூடாது. சத்துணவு வரிசையில் பக்கத்தில் உட்காரக் கூடாது. எத்தனை நாள் என்று நீ சொன்னதில்லை, ஆனால் எங்களுக்குத் தெரியும். அழுதுகொண்டிருக்கிற வரைக்கும் பெயர் வராது. அழுகை நின்ற மறுநாள் கூப்பிடுவாய்.

பாண்டிச்செல்வி என் பக்கத்தில் உட்காருகிறவள். பாடத்துக்கு நடுவே சிரித்துவிட்டாள். அவள் பெயரை நீ கூப்பிடாத இரண்டாம் நாள் அவளுடைய பென்சில் முனை உடைந்தது. நீ கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தாய். என் பென்சிலை அவள் பக்கம் தள்ளினேன்.

மறுநாள் காலை நீ என் பெயரையும் தாண்டிப் போனாய்.

சாயங்காலம் வரைக்கும்தான் என்று நினைத்தேன் அம்மா. எனக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் உன் சேலையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நீ சேலையை உருவிக்கொண்டாய். ராத்திரி இரண்டு தட்டு வைத்தாய், உனக்கும் அப்பாவுக்கும். அப்பா ஒரு உருண்டை பிசைந்து என் பக்கம் நீட்டினார்.

"யாருக்குக் குடுக்குறீங்க?" என்று கேட்டாய்.

அப்பா அந்த உருண்டையைத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

பட்டினி போட்டாய் என்று சொல்ல மாட்டேன். பாத்திரத்தில் சோறு இருந்தது, நானே போட்டுத் தின்றேன். தின்ற தட்டை நானே கழுவி வைத்தேன். உனக்கு அப்போது எதுவுமே தோன்றவில்லையா?

மூன்றாம் நாள் எனக்கு அழுகை வரவில்லை. நான்காம் நாள் என் பெயரைக் கூப்பிட்டாய். அன்றிலிருந்து உன் வகுப்புக்கு என்னைவிட நல்ல காவல் கிடைத்திருக்காது. பாண்டிச்செல்வியைப் பார்த்து யார் உதடசைத்தாலும் உன்னிடம் வந்து சொன்னேன். எனக்கு அது பிடித்திருந்தது. அவள் இன்னும் ஆறு நாள் 'வரவில்லை.' அப்புறம் நிஜமாகவே வரவில்லை. அவளுடைய அப்பா அவளைக் கொட்டாம்பட்டியில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார். அங்கே ஆடு மேய்த்தாள். படிப்பு அத்தோடு சரி.

கருமாதிக்கு அவளும் வந்திருந்தாள். சாப்பிட்டாள், என் கையைப் பிடித்துத் துக்கம் கேட்டாள். கிளம்பும்போது பேனரை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுச் சொன்னாள்: "நெசந்தான். ஒங்கம்மா என்னைய அடிச்சதே இல்ல. அடிச்சிருக்கலாம்."

இதைக் கேட்ட பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

வாடிப்பட்டிப் பக்கத்துப் பள்ளியில் எனக்கும் மூன்றாம் வகுப்புதான் கொடுத்திருக்கிறார்கள். முப்பத்து நான்கு பிள்ளைகள். அதில் காவியா என்று ஒருத்தி, வாய் மூடவே மாட்டாள். சுவரிலிருந்து பல்லி ஏன் விழவில்லை, மிஸ்ஸுக்கு ஏன் இம்புட்டு முடி கொட்டுகிறது, எல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டும். அதிகாரி பார்வையிட வருகிற வாரம் அது. முதல் நாள் கெஞ்சினேன், இரண்டாம் நாள் கத்தினேன். மூன்றாம் நாள் காலை அவள் பெயரைத் தாண்டிப் போனேன்.

"இன்னிக்குக் காவியா வரல," என்றேன். குரல் உயரவில்லை.

வகுப்பு அடங்கியது. அதிகாரி வந்து பாராட்டிவிட்டுப் போனார். மறுநாள் அவள் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. முன்வரிசைப் பிள்ளை ஒன்று எழுந்து, "அவ வரல மிஸ்," என்றது. காவியா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

போதும், எல்லாரும் அவளோடு பேசுங்கள் என்றேன். என் எதிரில் பேசினார்கள். நான் அந்தப் பக்கம் போனதும் அவள் மறுபடி இல்லாமல் போனாள். அவர்களுக்கு அது விளையாட்டு. உன் காலத்தில் நிறுத்து என்றால் நின்றது, எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய அம்மா வந்தார். பூ கட்டி விற்கிறவர். ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொண்டுவந்திருந்தார்.

"நல்லாப் பழக்கிவிட்டுட்டீங்க டீச்சர். அம்புட்டுப் பேச்சுப் பேசுவா. இப்ப வீட்டுல இருக்குற எடமே தெரியல. கேட்டாத்தான் பதில் சொல்றா. நீங்க நல்லா இருக்கணும்."

நன்றி சொல்லிப் பையை வாங்கிக்கொண்டேன். உன்னிடமும் இப்படித்தான் வந்து கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஓர் அம்மாவிடமாவது உண்மையைச் சொன்னாயா?

நேற்று வகுப்பில் எழுந்து நின்று, நான் காவியாவுக்குச் செய்தது தப்பு என்று சொன்னேன். எல்லாரும் அமைதியாகக் கேட்டார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"அப்ப இன்னிக்கு நீங்க வரலியா மிஸ்?"

யாரும் சிரிக்கவில்லை. என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். காவியாவும் பார்த்தாள். எட்டு வயதில் அழுது முடித்த அழுகை எங்கிருந்தோ வந்தது. பலகைப் பக்கம் திரும்பித் தேதி எழுதினேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதில் எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. உன்னை மன்னித்தால் அதே சூட்டில் என்னையும் மன்னித்துக்கொள்வேன்.

நாளை சாயங்காலம் காவியாவின் வீட்டுக்குப் போகிறேன். எதற்காக எனக்கு நன்றி சொன்னார் என்பதை அவளுடைய அம்மாவுக்குச் சொல்லப் போகிறேன். அவர் கத்தினால் நின்று கேட்பேன். புகார் எழுதினால், நடந்ததுதான் என்று கையெழுத்துப் போடுவேன். காவியா வாய் திறக்கிற வரைக்கும் தினமும் காலையில் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருப்பேன். அவள் திறக்காமலே போகலாம். அதற்கும் நான்தான் பொறுப்பு.

உனக்கு நான் தரக்கூடிய வாக்கு இவ்வளவுதான்.

உன் வளர்ப்பு,
உன் ஒரே மகள்,
தேன்மொழி