ஊறும் சுவர்

ஆவணி, வியாழன் இரவு.

கமலமும் குழந்தையும் இன்று மதராஸ் மெயிலில் போய்விட்டார்கள். அவளுடைய அண்ணா வந்து அழைத்துப் போனார்.

இத்தனை வருஷம் மெஸ்ஸில் தனியாக இருந்தேன். மனைவியும் குழந்தையும் என்னோடு இருக்க வேண்டும் என்றுதான் பவானிபூரில் இந்த வீட்டைக் கட்டினேன். குடிவந்த மாதமே படுக்கையறைச் சுவர் ஊறத் தொடங்கியது. சுவருக்குள் போகும் குழாயில்தான் கசிவு என்று எனக்குச் சந்தேகம். "புதுச் சுவர், காய்ந்துவிடும் பாபு" என்றே கண்டிராக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு இடத்தில் இடித்துப் பார்த்தும் கசிவு அகப்படவில்லை. அதற்குள் குழந்தைக்குச் சளி நெஞ்சில் கட்டிவிட்டது. இந்த ஈரத்தில் வைத்திருந்தால் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஹவுராவில் வண்டி கிளம்பும்போது கமலம் ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"சுவர் காஞ்சதும் எழுதுவேளோல்லியோ?"

"உடனே எழுதறேன்."

"காயாட்டாலும் எழுதுங்கோ."

குழந்தை என் விரலை விடவில்லை. அவளுடைய அண்ணாதான் பிரித்து எடுத்தார்.

இந்த வீட்டுக்கு ஏன் அழைத்து வந்தீர்கள் என்று அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. கூடத்தில் பாயை விரித்துவிட்டேன், இன்னும் படுக்கவில்லை. இந்நேரம் வண்டி கட்டாக்கைத் தாண்டியிருக்கும். குழந்தை தூங்கிற்றோ, இருமிக்கொண்டே இருக்கிறதோ.