எருமைக்கு என்று எழுதிய டப்பா

மேரி நதி வேட்டை முகாம்,
ஆகஸ்ட் 9

அன்புத் தம்பி ரோரிக்கு,

அக்கா கெய்ல் எழுதுவது. இடுப்பெலும்பு கூடி வருகிறது, ஊன்றுகோலோடு நாலடி நடந்தாய் என்று அடிலெய்டு ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போனில் சொன்னார். வயிற்றில் பால் வார்த்தார். இங்கே அனைவரும் நலம். உன் நாய் மட்டும் என்னை மதிப்பதேயில்லை. நம் வண்டியை ஓட்டும் டெஸ் கூப்பிட்டால்தான் ஏறுகிறது.

உன் கடிதம் கிடைத்தது. "என் கை ஆடிப்போச்சுக்கா. இனிமே வேட்டைக்கு வர்றவங்க என்னை நம்பி வரக் கூடாது. துப்பாக்கியை வித்துரு" என்று எழுதியிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது.

குண்டு விஷயத்தில் நான் எவ்வளவு பிடிவாதக்காரி என்று உனக்குத் தெரியும். பன்றிக்கு மெத்தென்ற குண்டு போதும். தோலைத் தாண்டியதும் விரிந்து அங்கேயே வேலையை முடித்துவிடும். எருமைக்கு அது உதவாது. சேறு அப்பிய தோல், அதற்கடியில் பலகை மாதிரி தோள் எலும்பு. அதை உடைத்துக்கொண்டு இதயம்வரை போக முழுச்செம்புக் குண்டுதான் வேண்டும். வேட்டைக்கு வரும் விருந்தாளிகளுக்கு இதை நான் பாடம் நடத்தும்போதெல்லாம் நீ பின்னால் நின்று, "பிரசங்கம் ஆரம்பிச்சாச்சு, எல்லாரும் தொப்பியைக் கழட்டுங்கப்பா" என்பாய்.

அன்றைக்கு நீ சுட்டும் அந்த எருமை விழவில்லை. நேரே உன்மேல் வந்தது. நான் அதைச் சாய்ப்பதற்குள் உன்னை முட்டித் தூக்கி எறிந்துவிட்டது. உன்னை ஆம்புலன்ஸ் விமானத்தில் ஏற்றும்போது, நீ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க, விருந்தாளிகள் முன்னால் நான் கத்தினேன்: "முப்பது மீட்டர்ல நிக்கிற எருமையைக்கூட ஒழுங்கா சுடத் தெரியாதாடா உனக்கு?" பயத்தில் கத்தினேன் என்று இப்போது சொல்லலாம். ஆனால் நீ அதை நம்பிவிட்டாய்.

போன செவ்வாய்க்கிழமை உப்பில் ஊறவைக்க அந்த எருமையின் முன்சப்பையை ஃப்ரீசரிலிருந்து எடுத்தேன். வெட்டும்போது கத்தி எதிலோ உரசியது. தோள் எலும்பின் மேல், இதயத்துக்கு நேராக, சோடா மூடி மாதிரி நசுங்கிக் கிடந்தது உன் குண்டு. நீ குறிவைத்த இடம் ஒரு விரல்கடைகூடத் தப்பவில்லை. ரோரி, அது பன்றிக் குண்டு.

நான்தான் செய்தேன். சீசன் தொடங்கும் அவசரத்தில் தோட்டாக்களை நிரப்பியபோது டப்பா போதவில்லை. "எருமை" என்று ஒட்டியிருந்த ஐஸ்கிரீம் டப்பா காலியாக இருந்தது. பன்றித் தோட்டாக்களை அதில் போட்டேன். காலையில் வேறு சீட்டு ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தவள் மறந்தே போனேன். வெளியே இரண்டுக்கும் ஒரே செம்பு நிறம். குண்டின் நுனியைத் தடவினால்தான் வித்தியாசம் தெரியும். நான் நிரப்பிக் கொடுத்ததை நீ என்றைக்குத் தடவிப் பார்த்தாய்? மிச்சமிருந்த பதினொன்றையும் நேற்று தடவிப் பார்த்தேன். எல்லாமே பன்றிக் குண்டு.

டெஸ்ஸிடம் காட்டினேன். "விடு கெய்ல், அதைத் தூக்கி ஆத்துல போடு. அவன் ஊர்ப்பக்கம் ஒரு வேலை பாத்துக்கட்டும், உடம்பாவது மிஞ்சும்" என்றான். உன்மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னான். ஒரு நாள் முழுக்க எனக்கும் அந்த ஆசை இருந்தது. சொன்னால் உன்னை இழந்துவிடுவேனோ என்ற பயம்தான், வேறென்ன?

குண்டை இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். உள்ளங்கையில் வைத்துப் பார். உன் கை ஆடவில்லை, தம்பி. துப்பாக்கியை விற்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம். நான் செய்த தப்புக்காக மட்டும் விற்காதே. மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நர்ஸிடம் சொல்லியனுப்பாமல், உன் கையாலேயே ஒரு வரி எழுது. வசவாக இருந்தாலும் சரி.

நீ நன்றாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
உன் அக்கா
கெய்ல்